ஆரத்தித் தட்டில் ஓர் ஆராய்ச்சி

மதிப்பிற்குரியவர் ஒருவர் சொன்னார் என்பதற்காகவே ஒரு சொல்லை மெய்யென்று ஏற்கலாமா? ஏற்கக் கூடாது என்றால், சொன்னவரை அவமதித்த குற்றம் நம்மைச் சேருமா? மன்றத்து மேடையில் நின்று இதற்கு விடை கூறுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அச்சொல்லைச் சொன்னவர் எங்கோ இருக்கும் மடாதிபதி அல்லர், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி என்றால்? நாம் காய்ச்சலில் கிடந்தபோது கண்விழித்துக் காத்தவர், தம் பங்குச் சோற்றை நம் வட்டிலில் வைத்தவர், அவர்தாம் கிரகணத்தன்று, "வெளியே போகாதே, பாம்பு விழுங்குகிறது" என்கிறார் என்றால்? அன்பு ஒருபுறம் இழுக்கிறது. அறிவு மறுபுறம் இழுக்கிறது. இளைஞன் நடுவில் நிற்கிறான். பாட்டியைப் பார்த்து எள்ளி நகைப்பதா? பாட்டிக்காக அறிவை அடகு வைப்பதா?

இரண்டும் வேண்டாம் என்பதே நம் கட்சி. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைத் தேடி ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல வேண்டுவதில்லை. அடுப்பங்கரைக்குச் சென்றால் போதும். பாட்டியும் பேரப்பிள்ளையும் எதிரெதிரே அமர்ந்து, கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு, ஒரு சிறு சோதனையைச் செய்து பார்ப்பதே அவ்வழி. குழந்தை விளையாட்டு என்று தோழர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். ஓர் அறக்கேள்விக்கே இதில் விடை இருக்கிறது.

நம் புதுவை நகரத்தில், முத்தியால்பேட்டையானாலும் சரி, முதலியார்பேட்டையானாலும் சரி, மணமக்கள் வாயிற்படி ஏறும்போது ஆரத்தித் தட்டு எதிரே வரும். தட்டிலே நீர், நீரிலே மஞ்சள், மஞ்சளிலே சிறிது சுண்ணாம்பு. மஞ்சள் நீர் நொடிப்பொழுதில் செந்நீராகிறது. மும்முறை சுற்றி வாயிலில் ஊற்றுகிறார்கள். கண்ணேறு கழிந்தது என்கிறார்கள். எத்தனை ஆண்டுகளாக, எத்தனை வாயில்களில், எத்தனை பாட்டிமார்களின் கைகளால் இந்த நிறமாற்றம் நடந்திருக்கிறது! கண்ணேற்றைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நிறம் ஏன் மாறியது என்று எவரும் கேட்கவில்லை.

கேட்போமே! நான்கு தம்ளர்களில் மஞ்சள் நீர் ஊற்றுங்கள். முதலாவதை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதில் சிறிது சுண்ணாம்பைப் பாட்டியே தம் கையால் கலக்கட்டும். சுண்ணாம்பு குழந்தையின் கண்ணில் பட்டுவிடக் கூடாதல்லவா? மூன்றாவதில் சலவைச் சோப்பு கரைத்த நீர், நான்காவதில் புளித்தண்ணீர். ஆனால் ஊற்றுவதற்கு முன்னே ஒரு கட்டுப்பாடு: என்ன நிறம் வரும் என்று பாட்டியும் சொல்ல வேண்டும், பேத்தியும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு, சொன்னதும் கண்டதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பில் சிவக்கிறது. சோப்பிலும் சிவக்கிறது. புளியில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கிறது. இனி, சிவந்த நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். போன மஞ்சள் திரும்பி வருகிறது! மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். அமிலம் வந்து காரத்தை மாற்றினால் பழைய நிறம் பெறும். கண்ணேறு கழிந்ததற்கு அடையாளம் அந்தச் சிவப்பு என்றால், எலுமிச்சை பிழிந்ததும் கண்ணேறு திரும்பி வந்துவிட்டதா என்று பேத்தி கேட்பாள். பாட்டி சிரிப்பார். அந்தச் சிரிப்பு நம் நூறு சொற்பொழிவுகளுக்கு ஈடு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனையில் பாட்டி தோற்றவர் அல்லர். மஞ்சளும் சுண்ணாம்பும் கூடினால் சிவக்கும் என்ற செய்தியைப் பேத்திக்கு முன்பே அறிந்தவர் அவர். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்பு பட்டதும் கறை சிவப்பதைத் துவைக்கும் கல்லின் மேல் ஆயிரம் முறை கண்டவர் அவர். பால் எப்போது திரியும், மாவு எந்தக் காலத்தில் எத்தனை நாழிகையில் புளிக்கும் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தன. அவரிடம் இல்லாதது செய்தியன்று. 'ஏன்' என்று கேட்கும் உரிமை. அந்த உரிமையை அவர் தொலைக்கவில்லை. அவருக்கு அது தரப்படவில்லை. பள்ளிக்கூடத்தின் வாயில் அடைக்கப்பட்டது. அடுப்பங்கரையின் வாயில் மட்டும் திறந்திருந்தது. அடைத்தவர்களை விட்டுவிட்டு, அடைபட்டவரைப் பார்த்து 'மூடநம்பிக்கைக்காரி' என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்?

ஏசாமல் விடுவதால் வரும் கேட்டையும் நாம் மறைக்கவில்லை. காரணம் தெரியாத வீட்டிற்குள் கபடன் எளிதாக நுழைகிறான். செம்பருத்தி இதழைக் கத்தியில் தேய்த்து உலரவிட்டு எலுமிச்சம்பழத்தை அறுத்தால், குருதி போலச் சிவந்த சாறு வடியும். 'செய்வினை வெளிப்பட்டது, பரிகாரத்திற்குப் பணம் எடு' என்பான் மந்திரவாதி. செம்பருத்தியின் நிறப்பொருள் அமிலத்தில் சிவக்கும் என்று கண்ட குழந்தை, 'என்னிடமும் கத்தி இருக்கிறது, செம்பருத்தி இருக்கிறது' என்று கூறும். திருவல்லாவில் 1898இல் பிறந்து, இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர் ஓர் அறைகூவல் விடுத்தார். ஏமாற்று நுழைய முடியாத நிலையில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுவோருக்கு இலட்சம் ரூபாய் என்றார். 1978இல் அவர் மறையும் வரை அப்பணத்தை வென்றவர் எவருமில்லர். வாளெடுத்தா அவர் போரிட்டார்? இல்லை, சோதித்துப் பார்ப்போம் என்ற ஒரு சொல்லை எடுத்தே போரிட்டார்.

'பெரியோர் சொல்லைச் சோதிப்பதா? வழிவழி வந்த அறிவின் மேல் ஐயமா?' என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நம் புதுவையின் வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியைக் காட்டுவோம்.

இலெ ழாந்தீய் என்ற பிரெஞ்சு வானநூலார் 1768இல் புதுவைக்கு வந்து தங்கினார். நம் நாட்டார் கிரகணத்தைக் கணிக்கும் முறையை இங்கே ஒரு தமிழரிடம் கேட்டறிந்தார். கையில் ஏடில்லை, எழுதுகோல் இல்லை. மனத்தில் பதிந்த வாய்பாடுகளைக் கொண்டு கணக்கிடும் முறை அது. 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை எடுத்து ஒப்பிட்டார். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழர் கணக்கு 41 விநாடி பிழைத்திருந்தது; ஐரோப்பாவில் அந்நாள் புகழ் பெற்றிருந்த மாயரின் அட்டவணையோ 68 விநாடி பிழைத்திருந்தது. தமிழ்க் கணக்கே வென்றது! நெஞ்சு நிமிர்கிறது அல்லவா?

நிமிர்ந்த நெஞ்சோடு அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிகின்றன. வாரன் என்பவர் புதுவையில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரைக் காண்கிறார். அவரும் தரையில் சோழிகளை அடுக்கியே, மனத்தில் பதித்திருந்த சொற்களின் துணையால், 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டுகிறார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம். நடு நேரத்தில் 23 நிமிடம். முடிவு நேரத்தில் 52 நிமிடம். வியக்கத்தக்க நினைவாற்றல் கொண்ட அம்மனிதருக்கு அக்கணக்கின் உட்பொருள் சிறிதும் தெரியாது என்று வாரன் எழுதி வைத்தார். ஐரோப்பியரின் அட்டவணைகளும் பிழைத்தவையே. ஆனால் ஒவ்வொரு கிரகணத்தின்போதும் வானத்தோடு ஒப்பிடப்பட்டன, ஒப்பிட்டுத் திருத்தப்பட்டன. இங்கே சோழி இருந்தது, சொல் இருந்தது. ஏன் இப்படி என்று கேட்கும் வழக்கம் மட்டும் அவரை வந்து அடையவில்லை. ஏன் என்று அறியாதவன் எதைத் திருத்துவான்? நினைவு ஒரு பெட்டகம். வைத்ததை வைத்தபடி காக்கும். வளர்ப்பது அதன் வேலையன்று.

சோதனை என்பதே மேனாட்டுச் சரக்கு என்று இதற்கு விடை கூறி விடாதீர்கள். கேரளத்துப் பரமேசுவரன் ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுக் காலம் கிரகணங்களைத் தம் கண்ணாலேயே பார்த்துக் குறித்தார். பழைய கணக்கும் கண்ட காட்சியும் ஒத்துப்போகாமல் இருப்பதை உணர்ந்து, 1431இல் 'திருக்கணிதம்' என்ற நூலை இயற்றினார். 'திருக்' என்றால் பார்வை. பார்த்துத் திருத்திய கணக்கு! தம் முன்னோரின் கணக்கை அவர் திருத்தினார். முன்னோரை அவமதித்தார் என்று எவரேனும் அவரைக் கூறுவரோ? முன்னோர் தொடங்கிய வேலையை அவரே உண்மையாகத் தொடர்ந்தார். தந்தை தோண்டிய கிணற்றில் நீர் வற்றினால், இன்னும் ஆழமாகத் தோண்டுகிறவனே நல்ல மகன். வறண்ட கிணற்றுக்கு மாலை போடுகிறவன் அல்லன்.

இதுவரை கூறியதில் நம் தோழர்களுக்கு இனிப்பே மிகுதி. இனிக் கொஞ்சம் கசப்பு. பெரியோர் சொல்லைச் சோதிக்க வேண்டும் என்கிறோமே, அந்தப் பெரியோரில் ஆசிரியர்களாகிய நாமும் அடக்கமா, இல்லையா? பகுத்தறிவு பேசும் இளைஞர்களாகிய நாமும் அடக்கமா, இல்லையா?

ஒரு தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, மேலே கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைகிறது. நீர் தம்ளருக்குள் ஏறுகிறது. 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. அது எரிந்து தீர்ந்தது. அவ்விடத்தை நீர் நிரப்பியது' என்று பல வகுப்பறைகளில் இதற்கு விளக்கம் கூறப்படுகிறது. அச்சிட்ட நூலிலும் காணலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. இப்போது ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்றை ஏற்றிப் பாருங்கள். அதே தம்ளர், அதே அளவு காற்று, பிராணவாயுவும் அதே பங்கு. நீரோ முன்னிலும் உயரமாக ஏறுகிறது! சுடர் எரியும்போது மெல்ல மெல்ல ஏறாமல், அணைந்த பிறகே விரைந்து ஏறுவதையும் காணலாம். சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பகுதி தம்ளரின் விளிம்பு வழியே குமிழியாக வெளியேறுகிறது. அணைந்தபின் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. பெரும் காரணம் இதுவே. பிராணவாயு எரிந்த இடத்தில் கரியமிலவாயுவும் நீராவியும் பிறக்கின்றன. இடம் அப்படியே வெற்றிடமாகிவிடுவதில்லை.

வகுப்பறைச் சொல்லை மூன்று மெழுகுவத்திகள் வீழ்த்திவிட்டன. இதைத் தம் வீட்டில் கண்ட மாணவன் மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றால், ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? 'உட்கார்' என்பவர், பாட்டியின் பாம்புக் கதைக்கும் தம் பாடத்திற்கும் வேறுபாடில்லை என்று தாமே முழக்கம் செய்தவர் ஆவார். 'பாட்டி சொன்னார், நம்பினேன்' என்ற குழந்தையை, 'ஆசிரியர் சொன்னார், நம்பினேன்' என்று கூற வைப்பது விடுதலையன்று; எசமான் மாற்றம். 'தலைவர் சொன்னார், நம்பினேன்' என்பதும் அதே அடிமைச் சீட்டின் மூன்றாம் படி. கடவுள் இல்லை என்ற சொல்லைக் கூட மனப்பாடமாகத் தந்தால், நாம் சோழிக்குப் பதில் வேறு சோழியைத் தந்தவர்களே. நாம் தர வேண்டியது சொல்லை அன்று. சொல்லைச் சோதிக்கும் உரிமையை. நம் சொல்லையும் சேர்த்து!

இந்த உரிமையோடு ஒரு கடமையும் பிறக்கிறது: கண்டதைக் கண்டதென்றும், காணாததைக் காணவில்லை என்றும் கூறும் நேர்மை. புதுவைக்கு வந்த இலெ ழாந்தீய் எதற்காக வந்தார் தெரியுமா? வெள்ளிக் கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய காட்சியை அளந்து, ஞாயிற்றின் தொலைவைக் காண உதவுவதற்காக. 1760இல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். போரினால் புதுவை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று; 1761இன் காட்சி ஆடும் கப்பலின் மேல் அளவெடுக்க வழியின்றிக் கழிந்தது. அடுத்த காட்சிக்காக எட்டாண்டு காத்தார். இடிந்து கிடந்த ஆளுநர் மாளிகையின் மீது நோக்ககம் அமைத்தார். 1769ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் காலை. முன்பு தெளிந்திருந்த வானத்தை அன்று முகில் மூடியது. காட்சி முடிந்தது, முகில் விலகியது! 1771இல் அவர் தாயகம் திரும்பியபோது, இறந்தவராகக் கருதி அவர் சொத்தைப் பங்கிடும் வேலை நடந்துகொண்டிருந்தது. பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. ஓர் எண்ணைக் கற்பித்து எழுதியிருந்தால் பெயராவது கிடைத்திருக்கலாம். அவர் எழுதவில்லை. முகில் மறைத்தது என்றே எழுதினார். பாட்டியின் முன் அமர்ந்து, 'நான் சொன்ன நிறம் வரவில்லை' என்று ஒப்புக்கொள்ளும் குழந்தை பயில்வதும் இதே அறத்தைத்தான்.

புதுவைக்கென்றே அமைந்த ஒரு சோதனையைக் கூறுவோம். ஆண்டில் இரண்டு நாள்கள், ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்டு 21ஐ ஒட்டியும், நண்பகலில் ஞாயிறு நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. நட்ட கோலுக்கு அப்போது நிழல் இல்லை. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போதன்று. ஏப்ரலில் ஏறத்தாழ 12 மணி 10 நிமிட அளவில். இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட கோடையில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மற்றக் காலத்தில் வடக்கே விழும். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கோலை நேராக நட்டு, தாத்தாவும் பேரனும் சுண்ணாம்பால் குறித்து வரலாம்.

நம் ஊரிலே பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் குடும்பங்கள் பல. பேரப்பிள்ளைகள் பாரிசில் வளர்கிறார்கள். தாத்தா புதுவையில் இருக்கிறார். தொலைபேசியில், 'சாப்பிட்டாயா?' என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏப்ரல் 21 அன்று இருவரும் ஒரு மீட்டர் கோல் நடட்டும். அவரவர் ஊரில் நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளக்கட்டும். புதுவையில் நிழல் இல்லை. பாரிசில் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். அந்த நிழல் காட்டும் கோணம் ஏறத்தாழ 37 பாகை. இரண்டு ஊர்களுக்கும் இடையே தென்வடல் தொலைவு சுமார் 4,100 கிலோமீட்டர். 37 பாகைக்கு 4,100 என்றால், முழு வட்டமாகிய 360 பாகைக்கு எவ்வளவு? ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். உலகின் சுற்றளவு! இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோசுதனீசு கையாண்ட வழி இதுவே. இரண்டு கோல்களால் ஒரு கிழவரும் ஒரு சிறுமியும் உலகை அளந்துவிட்டார்கள். உலகம் உருண்டை என்று அவர்களிடம் இனி எவரும் சொல்ல வேண்டுவதில்லை, அவர்கள் சொல்வார்கள்.

நிழலை இவ்வாறு நட்பாக்கிக் கொண்ட வீட்டில் கிரகணம் என்ன அச்சத்தை ஊட்ட முடியும்? நிலவின் நிழல் நம் மீது விழுகிறது, அவ்வளவே. ஆனால் அந்த நிழலுக்கு அஞ்சி, இன்றும் கருவுற்ற பெண்களைப் பசியோடு இருட்டறையில் அடைக்கும் வீடுகள் உள்ளன. விளையாட்டான நம்பிக்கையா இது? வயிற்றுப் பிள்ளையின் பெயரால் தாயைப் பட்டினி போடும் கொடுமையல்லவா? 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஞாயிறு மறைந்தபோது, மரத்தடி நிழலின் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் பிறை வடிவம் கொண்டது. வீட்டிற்குள் ஒளிந்தோர் அதைக் காணவில்லை. 2031ஆம் ஆண்டு மே 21 அன்று தென் தமிழகத்தின் மீது மீண்டும் வளையக் கிரகணம் வருகிறது. வெறுங்கண்ணால் ஞாயிற்றைப் பார்ப்பது எந்நாளும் கேடு. அட்டையில் ஓர் ஊசித்துளை இட்டு, அதன் வழியே தரையில் விழும் உருவைப் பார்ப்பதில் கேடில்லை. அன்று கதவை அடைக்கச் சொல்லும் பாட்டிகள் இருப்பார்களா, அட்டையில் துளையிட்டுத் தரும் பாட்டிகள் இருப்பார்களா என்பது இன்று நாம் செய்வதைப் பொறுத்தது.

இவ்வேலைக்கு நாம் புதிதாக வழி வெட்ட வேண்டுவதில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் 1987 முதல் 'துளிர்' என்ற சிறுவர் ஏட்டை நடத்தி வந்திருக்கின்றன. 1980களின் இறுதியில் எழுந்த அறிவொளி இயக்கம், எழுத்தறியாத பெண்களின் கையில் எழுத்தைத் தந்தது. அன்று அகரம் எழுதிய தாய்மார்களில் பலர் இன்று பாட்டிமார்கள். எழுத்து வந்த கைக்குச் சோதனையும் வரட்டும்.

தோழர்களே! கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது பாட்டியை மேடைப் பேச்சால் வெல்ல முயலாதீர்கள். தோற்றவரின் நெஞ்சில் அறிவு முளைப்பதில்லை, காயமே முளைக்கும். அவர் அருகே அமருங்கள். 'இது எப்படி நடக்கிறது, சொல்லுங்கள் ஆயா' என்று கேளுங்கள். ஆயுள் முழுவதும் கட்டளை கேட்டே பழகிய அவரிடம் ஒரு கேள்வி கேட்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. பிறகு செய்து பாருங்கள். அவர் சொன்னது மெய்யானால் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பொய்யானால், அவரே அதைத் தம் கண்ணால் காணட்டும். நாம் சொன்னது பொய்யானால்? தயங்காமல் அவர் எதிரிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். தம் சொல் சோதிக்கப்படுவதைக் கண்டு சினம் கொள்ளாத முதியவரும், தன் சொல் வீழ்வதைக் கண்டு நாணாத இளைஞனும் ஒரே பாயில் அமரும் வீடு எதுவோ, பகுத்தறிவு குடியேறிய வீடு அதுவே. வெளிச்சுவரில் என்ன முழக்கம் எழுதியிருக்கிறது என்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி.